புளியமரத்தில் ஒரு ஏரியல்

உங்கள் ஸ்டேஷன் வாசலில் ஒரே சேறு, இன்ஸ்பெக்டர் அம்மா. இரண்டு கூடை ஜல்லி கொட்டச் சொல்லுங்கள், வருகிறவர்கள் வழுக்கி விழுந்துவிடப் போகிறார்கள்.

நான் நிர்மலா. போன மாதம் கம்பைநல்லூர்த் தோப்பில் மின்சாரம் தாக்கி இறந்த மாதவராஜின் மனைவி. விபத்து என்று எழுதி முடித்துவிட்டீர்கள். உங்களைக் குறை சொல்லவில்லை.

அவருக்கு ஹாம் ரேடியோப் பித்து. ஈயக்குண்டு கட்டிய தூண்டில் நரம்பை உண்டிவில்லால் மரத்துக்கு மேலே அடித்து, அதன் வழியே செம்புக் கம்பியை ஏற்றி, ஏரியல் கட்டுவார். ஜப்பான்காரனிடம் பேசுவார். என்ன பேசுவார் என்கிறீர்கள்? "உன் குரல் நன்றாகக் கேட்கிறது, என் குரல் எப்படி?" அவ்வளவுதான். அதைக் கேட்கத்தான் நாலு தென்னையையும் ஒரு புளியமரத்தையும் பாடாய்ப் படுத்தினார்.

நான் பி.எஸ்சி. இயற்பியல். கம்பி எவ்வளவு நீளம் வேண்டுமென்று கணக்குப் போட்டுத் தந்தது நான். ஒருநாள் கோயம்புத்தூர் நண்பர் ஒருவர் ரேடியோவில், "தனியாவா கட்டுனீங்க?" என்று கேட்டார்.

"தனியாத்தானுங்க. கேபிள் புடிக்க ஒண்ணு இருக்குது" என்றார் இவர்.

ஒண்ணு. உயர்திணையில்கூட என்னைச் சேர்க்கவில்லை. இலக்கணம் அவருக்கு எப்போதுமே வராது. எனக்குக் கோபமெல்லாம் இல்லை. சிரிப்புத்தான் வந்தது.

அன்று காலை கம்பியின் ஒரு முனையைத் தென்னையில் கட்டியாயிற்று. மறுமுனை புளியங்கிளைக்கு மேலே போய் இறங்கியது. கம்பி நுனியில் கட்டி இழுக்கிற நைலான் கயிறு நீளம் போதவில்லை. வேறு கயிறு எடுத்து வரச் சோம்பல்பட்டு, வெறும் செம்புக் கம்பியையே கையில் சுற்றிக்கொண்டு இழுத்தார். உலகத்தோடு பேசுகிற மேதை. இழுக்க இழுக்கக் கம்பி மேலே ஏறியது. அதற்கு நேர் மேலே பெரிய மின்சார லைன். புளிய இலை மறைத்ததால் அவருக்கு அது தெரியவில்லை. வரப்பில் நின்ற எனக்கு நன்றாகத் தெரிந்தது.

"ஏய், லைனுக்குத் தள்ளி இருக்குதா பாரு" என்றார்.

பார்த்தேன். இடைவெளி ஒரு முழம்தான் இருக்கும். கம்பியின் நடுவிலிருந்து தொங்கிய கேபிள் என் கையில் இருந்தது. அதைக் கீழே போட்டேன். வரப்பை விட்டு இறங்கி, நன்றாக விலகி நின்றேன்.

அப்புறம் சொன்னேன்: "தள்ளித்தானுங்க இருக்குது. நல்லா இழுங்க."

இழுத்தார்.

நேற்று அவருடைய ரேடியோ நண்பர்கள் தர்மபுரியில் இரங்கல் கூட்டம் போட்டார்கள். அறிவியலுக்காக உயிர் கொடுத்தவராம். மாலை போட்ட படம், கைதட்டல். அதைக் கேட்டுக்கொண்டு எப்படி உட்கார்ந்திருப்பது? அதனால்தான் காலையில் முதல் பஸ்ஸைப் பிடித்து வந்தேன்.

என்ன அம்மா, பேனாவைக் கீழே வைத்துவிட்டீர்கள்? நான் ஒரு வார்த்தை சொன்னேன், அவ்வளவுதான். மழை பெய்கிறது என்று நான் சொன்னால்கூட வெளியே போய்க் கையை நீட்டிப் பார்த்துவிட்டுத்தான் நம்புகிற மனுஷன். அன்றைக்குப் பார்த்து என்னை நம்பியது யார் தப்பு?