ஆர்கனின் இடது பாதி

என் 1976 டிசம்பர் குறிப்பு: நாசரேத்திலிருந்து தூத்துக்குடி போகும் பஸ். முன்சீட்டில் கிறிஸ்தவக் கோயில் பாடகர் குழுவில் அடிக்குரல் பாடும் பெரியவர். பக்கத்தில் அங்கே ஆர்கன் வாசிக்கும் இளைஞர்.

"ஏலே, சிங்கப்பூர்லருந்து வந்த புது ஆர்கன் பாதி ஆம்பளை, பாதி பொம்பளையாமே?"

"ஆமா அண்ணாச்சி. சுவிச்சத் தட்டுனா வாசிக்குத கட்டையெல்லாம் ரெண்டாப் பிரிஞ்சிரும். இடது பக்கம் அடிக்குரல், வலது பக்கம் புல்லாங்குழல். நம்ம கோயில்ல ஆம்பளைக ஒரு பக்கம், பொம்பளைக ஒரு பக்கம் உக்காருத மாதிரி."

"அப்பம் கிறிஸ்மஸுக்கு நான் எதுக்குலே? பெஞ்சுல இருந்து கொட்டாவி விடவா?"

"அது சும்மா சத்தத்த இழுக்கத்தான் செய்யும். அல்லேலூயா சொல்லாதுல்லா? நீங்க பாடுதப்ப சுவிச்ச அணைச்சிருதேன்."

பெரியவர் ஜன்னல் பக்கம் திரும்பி, தொண்டையைச் செருமி, மெல்லப் பாட ஆரம்பித்தார்.

அந்தக் கிறிஸ்துமஸ் ஆராதனையில் அவர் பாடினாரா என்பதை இதுவரை என்னால் உறுதிசெய்ய முடியவில்லை.