கலெக்டர் துரை கொடுத்த துப்பாக்கி

— அந்தச் சந்தனத்தைத் துடைக்காதீங்கோ ஜம்பு. அவர் பார்த்தா ஒரு வாரம் முகம் குடுத்துப் பேச மாட்டார்.

— துடைக்காம எப்படிப் படிக்கறது மன்னி? அதாவது, வருஷம் தெரியணும்னா துப்பாக்கிக் குழாய்க்கு அடியில அடிச்சிருக்கற முத்திரையைத்தான் பார்க்கணும். ஸ்ரீநிவாசன் சரியா அது மேலேயே அப்பி வெச்சிருக்கான்.

— ஆயுத பூஜைக்குக் கழட்டி அங்கேதான் பொட்டு வெப்பார். துப்பாக்கிக்கு நெத்தி அதுதானாம். சரி, துடையுங்கோ. பால் வாங்கத்தான் போயிருக்கார், வந்துடுவார். எனக்கு அலுத்துப் போச்சு. எலெக்ஷன் வந்தா இதை வானவடி போலீஸ் சௌக்கில கொண்டுபோய்க் குடுக்கணும், முடிஞ்சா போய்க் கெஞ்சி வாங்கணும். முட்டி ரெண்டும் போயாச்சு, இந்த மாடி ஏறவே முடியலை. வாகட்ல எங்க பிள்ளை மனோஜ் ஃப்ளாட்ல லிஃப்ட் இருக்கு, எங்களுக்குன்னு ஒரு ரூம் ஒழிச்சு வெச்சிருக்கான். குழந்தை இருக்கற வீட்டுல துப்பாக்கி கூடாதுன்னு மாட்டுப்பொண் ரீனா ஒரே பிடியா நிக்கறா. அவ சொல்றது நியாயம்தானே?

— நியாயம்தான்.

— இவர் கேட்டாத்தானே? தாத்தா புலியைச் சுட்டதுக்குக் கலெக்டர் துரை 1911ல தன் கையால குடுத்ததாம். போலீஸ்ல ஒப்படைச்சுட்டா படத்துல இருக்கற தாத்தா முகத்துல எப்படி முழிப்பேன்ங்கறார். நீங்க ராணுவ ஆயுத டிப்போல துப்பாக்கி பார்த்தே தலை நரைச்சவர். இது தாத்தாவோடது இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லுங்கோ. பொய்யானாலும் பரவாயில்லை.

— பொய்யே வேண்டாம் மன்னி. இங்கே பாருங்கோ, கிரீடம், பக்கத்துல ‘மூணு டன்’. அதாவது, துப்பாக்கியைச் சோதிச்சு, தாங்கற வெடியோட அழுத்தத்தை டன் கணக்குல அடிக்கறது இங்கிலாந்துல பர்மிங்ஹாம்ல ஐம்பத்தி நாலுக்கு அப்புறம்தான்.

— பழசையே மறுபடி சோதிச்சு அடிச்சிருந்தா?

— பழைய முத்திரையும் கூடவே இருக்கும். இதுல இல்லை.

— பெருமாளே. கதவு சத்தம் கேக்கறது, வந்துட்டார். நீங்களே சொல்லிடுங்கோ.

— என்னடா ஜம்பு, குழாயைக் கழட்டி மடியில வெச்சிண்டிருக்கே?

— ஸ்ரீநி, மனசைத் திடப்படுத்திக்கோ. இது உங்க தாத்தாவோடது இல்லைடா. ஐம்பத்தி நாலுக்கு அப்புறம் பண்ணினது.

— தெரியும். அப்பா அறுபதுல பம்பாய்ல வாங்கினது. கூடப் போனதே நான்தான்.

— தெரியுமா? அப்போ புலி, துரை எல்லாம்?

— எல்லாம் என் சரக்குதான். பட்டு, பாலைக் காய்ச்சு, திரிஞ்சுடும்.

— பேச்சை மாத்தாதீங்கோ. தெரிஞ்சுண்டே ஏன்னா சந்தனம் பூசி மறைச்சேள்? நாளைக்கே சௌக்கில குடுத்துட்டு வாகட் போயிடலாமே.

— போன தீபாவளிக்கு அங்கே இருந்தோமே. அவா ரெண்டு பேரும் அவா பாட்டுக்கு இங்கிலீஷ்ல பேசிண்டா. நான் கொரியர்காரனுக்குக் கதவு திறந்துண்டிருந்தேன். நன்னாத்தான் பார்த்துக்கறான், குத்தம் சொல்லலை. பெத்த பிள்ளைகிட்ட உன்னோட இருக்க வர மாட்டேன்னு எந்த வாயால சொல்றது? இந்தத் துப்பாக்கியும் போயிடுத்துன்னா, அங்கே போகாம இருக்க எனக்கு வேற என்ன சாக்கு இருக்கு பட்டு?