தோற்பதற்கு ஓர் ஆள்

கும்மிடிப்பூண்டி லோக்கல் ரயில் கவரைப்பேட்டையில் சிக்னலுக்காக நின்றபோது, எதிர் சீட்டில் இருந்தவள் தன் பக்கத்தில் இருந்த பெண்ணிடம் கெஞ்சினாள்: "தோத்தாலும் பரவால்லக்கா, எனக்காக நில்லு."

இருவரும் ஒரே தையல் கூட்டுறவுச் சங்கத்தின் உறுப்பினர்கள் என்பது அடுத்த பேச்சில் தெரிந்துவிட்டது.

"தலைவி எலெக்‌ஷன்ல நான் நிக்கணுமா? இன்னாடி பேசற? எப்பவும் ஒரு பேரைத்தான் சொல்லுவோம். கை தட்டுவோம், டீ குடிப்போம், ஊட்டுக்கு வந்துடுவோம். எதிர்த்து நின்னா இப்ப இருக்கற தலைவி மனசு கஷ்டப்படாதா?"

"அதான்க்கா பேஜாரு. போட்டி இல்லன்னா ஓட்டுப் பொட்டியே வெக்க மாட்டாங்க. ஆறு வருஷம் ஓட்டில்லாத மெம்பரா ஸ்கூல் சட்டைக்குக் காஜா எடுத்துக்கினு இருந்தேன். இப்பதான் ஓட்டு குடுத்துக்கிறாங்க. ஒரு தபா சீட்டை மடிச்சு உள்ள போட்டுப் பாக்கணும். அத எண்றப்ப நான் அங்க நிக்கணும்."

"சரி, நான் நின்னா யாருக்குப் போடுவ?"

"அவங்களுக்குத்தான். நல்லாத்தான நடத்துறாங்க?"

அக்கா வெடிக்கப் போகிறாள் என்று நினைத்தேன். அவளோ ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வண்டி கிளம்பிப் பொன்னேரிக்கு வந்தது.

"எனக்குப் பதினோரு வருஷமா ஓட்டு இருக்குது. ஒரு தபா கூட போட்டதில்ல" என்றாள். கூட்டம் ஏறத் தொடங்கியதும் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"நின்னா, எனக்கு நானே போட்டுக்கலாமாடி?"