டவர் கோளாறு

செல்வராணி: டவரை நான் எப்படி மாமா ரிப்பேர் பாக்குறது? இது செல்போன் கடை. ரீசார்ஜ் பண்ணுவேன், கண்ணாடி ஒட்டுவேன், அம்புட்டுதான்.

சூசைராஜ்: ரிப்பேர் பாக்க வேணாம் ஆத்தா. கோளாறா இல்லையான்னு மட்டும் சொல்லு. ஒங்கத்தை மீமிசலுக்கு அவ தம்பி வீட்டுக்குப் போயி ஒரு வாரமாச்சு. போன் போட்டா போகவே மாட்டேங்குது.

செல்வராணி: போகலைன்னா… உள்ள ஒரு பொம்பளக் குரல் பேசுமே, அது என்ன சொல்லுது?

சூசைராஜ்: என்னமோ சொல்லுது… சுவிட்ச் ஆஃப்ங்குது.

செல்வராணி: அப்ப அத்தை போன்ல சார்ஜ் தீந்திருக்கும். இல்ல, அமத்தி வச்சிருப்பாங்க. அதுக்கு டவர் என்ன செய்யும்?

சூசைராஜ்: இரு இரு… சுவிட்ச் ஆஃப் இல்ல. தொடர்பு எல்லைக்கு வெளியேங்குது.

செல்வராணி: அது வேற மாமா. சிக்னல் கிடைக்காத எடத்துல இருந்தாத்தான் அப்படிச் சொல்லும். அத்தை என்ன, படகுல ஏறி மீன் புடிக்கவா போயிருக்காங்க?

சூசைராஜ்: போனாலும் போவா. கோவத்துல போனவ…

செல்வராணி: கோவத்துலயா?

சூசைராஜ்: கோடையிலன்னேன். கோடையில கடக்காத்து வாங்கப் போயிருக்கான்னு சொன்னேன். ஒனக்குக் காதுல டவர் இல்லையா?

செல்வராணி: சரி சரி. கடைசியா எப்பப் போட்டீங்க?

சூசைராஜ்: இப்பத்தான், வர்ற வழியில. வேற ஒருத்தர்கூட பேசிக்கிட்டு இருக்காங்கன்னுச்சு.

செல்வராணி: அமத்தி வச்சிருக்காங்க, சிக்னலும் இல்ல, ஆனா பேசிக்கிட்டு இருக்காங்க! நல்லா இருக்கு மாமா… வாட்சப்புல அனுப்புனீங்களா?

சூசைராஜ்: அனுப்பாம? ஒத்தை டிக்குதான் விழுகுது.

செல்வராணி: என்ன அனுப்புனீங்க?

சூசைராஜ்: அதான் சொன்னேனே, டிக்கு.

செல்வராணி: டிக்கு நம்ம அனுப்புறதில்ல மாமா. நம்ம அனுப்புனதுக்கு அது போடுறது.

சூசைராஜ்: …இது ரோமிங்கா இருக்குமோ? நம்ம இங்கிட்டு திருவரங்குளம் பிளாக்கு. மீமிசல் அங்கிட்டு ஆவுடையார்கோயில்ல வரும். பிளாக் மாறினதுனால…

செல்வராணி: பிளாக்கா? யாரு சொன்னா ஒங்களுக்கு?

சூசைராஜ்: யாரு சொல்லணும்? யூனியன் ஆபீசு வாசல்ல பெருசா எழுதியிருக்குல்ல.

செல்வராணி: ஓ… பிடிஓ ஆபீசு பிளாக்கா.

சூசைராஜ்: வேற எந்த பிளாக்கு? ஒனக்கு ஏன் மொகம் இப்படி வேர்க்குது?

செல்வராணி: ஃபேன் ஓடலைல்ல… பிளாக் மாறினா ரோமிங் வராது மாமா. ஸ்டேட் தாண்டணும். ஆனா… போன்லயும் ஒரு பிளாக் இருக்கு.

சூசைராஜ்: அதுக்கும் ஒரு பிடிஓ இருக்காரா?

செல்வராணி: கேளுங்க. ஒருத்தரு நம்பர் நமக்கு வேணாம்னா அதைத் தடுத்து வைக்கலாம். அவங்க எத்தனை தடவ போட்டாலும் நமக்கு மணி அடிக்காது. அதான் பிளாக்கு.

சூசைராஜ்: வேணாம்னா… கட்டுன புருஷன் நம்பரைக்கூடவா?

செல்வராணி: புருஷன் யாரு, லோன் வேணுமா சார்ங்கிறவன் யாருன்னு போனுக்குத் தெரியுமா?

சூசைராஜ்: அவளுக்கு அதெல்லாம் செய்யத் தெரியாது.

செல்வராணி: ஸ்டேட்டஸ் வைக்கத் தெரிஞ்சவங்களுக்கு இது எம்மாத்திரம்?

சூசைராஜ்: அந்த ஸ்டேட்டஸ் பேச்சை எடுக்காத!

செல்வராணி: ஏன் மாமா கத்துறீங்க? ரீசார்ஜுக்கு வந்தவங்கல்லாம் திரும்பிப் பாக்குறாங்க.

சூசைராஜ்: பின்ன? சித்தன்னவாசல் பாறையில கால் மேல கால் போட்டு, கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கிட்டு… சொந்தக்காரன் பூரா பாத்துட்டான். நம்ம குடும்பத்துக்குன்னு ஒரு ஸ்டேட்டஸ் இருக்கா இல்லையா?

செல்வராணி: அதைத்தான அத்தை போட்டாங்க.

சூசைராஜ்: கிண்டலா?

செல்வராணி: அந்தப் போட்டோவ எடுத்ததே நான்தான். கண்ணாடியும் என்னுது. அதுக்குப் போயி, ஞாயித்துக்கெழமை பூசை முடிஞ்சு எல்லாரும் வெளிய வர்ற நேரத்துல, கோயில் வாசல்ல வச்சு என்ன சொன்னீங்க? பேரன் எடுத்த கழுதைக்கு மினுக்கு கேக்குதான்னு…

சூசைராஜ்: …ஒரு வார்த்தை வந்துருச்சு.

செல்வராணி: வந்த வார்த்தையத் திருப்பி வாங்கிக்க வேண்டியதுதான?

சூசைராஜ்: அதுக்குத்தான ஆத்தா ராத்திரி பகலா போன் போடுறேன்! போக மாட்டேங்குது, நான் என்ன செய்ய?

செல்வராணி: போனைக் குடுங்க, பாப்போம்.

சூசைராஜ்: போனு நல்லாத்தான் இருக்கு. டவருதான்…

செல்வராணி: எதுக்கு சட்டைப் பையப் பொத்துறீங்க? சரி விடுங்க, என் போன்லருந்து போடுறேன்.

சூசைராஜ்: ஏய் வேணாம்… அவ சமையல்ல இருப்பா… நாளைக்குப் போடலாம்…

செல்வராணி: மணி அடிக்குது மாமா. டவருக்கு ஒரு கொறையும் இல்ல.

சூசைராஜ்: அமத்து ஆத்தா, நல்லா இருப்ப…

அடைக்கலமேரி: சொல்லு செல்வராணி. ஒங்க மாமா கடைப்பக்கம் வந்தாரா?

செல்வராணி: அத்தை, ஸ்பீக்கர்ல போட்டிருக்…

அடைக்கலமேரி: நேரத்துக்குச் சாப்பிடுறாராமா? பஸ் ஏறுறப்ப நீ சொல்லிக் குடுத்தியே, அந்த பிளாக்கு… அதை அறந்தாங்கி தாண்டுறதுக்குள்ளயே எடுத்துட்டேன். மனசு கேக்கல.

சூசைராஜ்: நீயா சொல்லிக் குடுத்த?

செல்வராணி: அது வந்து மாமா… கஸ்டமர் கேட்டா சொல்லிக் குடுக்கணும்ல…

அடைக்கலமேரி: யாரு பக்கத்துல? அவரா?

செல்வராணி: அவருதான் அத்தை. ராத்திரி பகலா ஒங்களுக்குப் போன் போடுறாராம்.

அடைக்கலமேரி: எனக்கா? குளிக்கப் போனாக்கூட தம்பி பொண்டாட்டி கையில போனைக் குடுத்துட்டுப் போறேன், மணி அடிச்சா கூப்பிடுன்னு. ஒரு கால் வரல. ஒரு மிஸ்டு கால்கூட வரல.

செல்வராணி: மாமா…?

அடைக்கலமேரி: என்னங்க… கேக்குதா? அங்கிட்டு டவர் இல்லையா?

சூசைராஜ்: டவர் முழுசா இருக்கு மேரி… நான்தான் போடவே இல்ல. ஒன் நம்பரை எடுப்பேன், பாத்துட்டுப் பைக்குள்ள வச்சிருவேன். போட்டா நீ எடுத்துருவியேன்னுதான் பயம்… எடுத்துட்டா, தப்பு என் மேலதான்னு சொல்லணுமே.