பதினைந்து வெள்ளி கட்டினால் பயமில்லை

வாடகைக் கார் எடுக்க வருகிறவர்களில் பாதிப் பேருக்கு எக்சஸ் என்றால் என்னவென்று தெரியாது, சார். நான் பொறுமையாகச் சொல்லித் தருவேன். கார் அடிபட்டால் முதல் இரண்டாயிரம் வெள்ளி எடுத்தவர் தலையில். அதற்கு மேல் ஆகிற செலவை இன்சூரன்ஸ் பார்த்துக்கொள்ளும். நாளுக்குப் பதினைந்து வெள்ளி கூடுதலாகக் கட்டினால் அந்த இரண்டாயிரமும் கட்ட வேண்டியதில்லை. சூலியா தெருவில் என்னைப் போல் விளக்கிச் சொல்ல ஆளில்லை என்பார்கள்.

ரூபினியும் அவள் கணவன் கோகிலனும் ஈப்போவிலிருந்து வந்திருந்தார்கள். கல்யாணமாகி நான்கு மாதம். மலைக்கு அந்தப் பக்கம் பாலிக் புலாவ் போய் டுரியான் பழம் சாப்பிட வேண்டும் என்று அவனுக்கு ஆசை. அவள்தான் ஒப்பந்தத் தாளை வரி விடாமல் படித்தாள்.

"பதினஞ்சு வெள்ளி கட்டிட்டா எங்களுக்குப் பயமில்லைலா, அண்ணே?"

"பயமே வேணாம் தங்கச்சி. என்ன ஆனாலும் மொதல்ல எனக்குப் போன் போடு. மத்ததை நான் பாத்துக்கிறேன்."

அவர்களுக்குக் கொடுத்தது என் சொந்தக் கார். வாடகைக்கு விட அனுமதி இல்லை. விட்டால் அதன் இன்சூரன்ஸ் செல்லாது. எக்சஸ், பதினைந்து வெள்ளி எல்லாம் நானே டைப் அடித்துக்கொண்டது. ஆறு வருஷமாக ஒரு கீறல்கூட விழவில்லை. ஆகவே யாரையும் ஏமாற்றுவதாக எனக்குத் தோன்றியதே இல்லை.

சாயங்காலம் நான்கு மணிக்குப் போன் வந்தது. மலைப்பாதை வளைவில் கார் மரத்தில் மோதியிருந்தது.

"அண்ணே, அவருக்கு நெஞ்சுல அடி. மூச்சு விடவே சிரமப்படுறாரு. ஆம்புலன்ஸ் கூப்பிடவா?"

ஆம்புலன்ஸ் வந்தால் போலீசும் வரும்.

"கூப்பிடாதே. வேற ஆளு காரைத் தொட்டா இன்சூரன்ஸ் கிளெய்ம் கெடைக்காது. நான் வர்றேன்லா."

விலா எலும்பாகத்தான் இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவர்கள் இருந்த இடத்திலிருந்து ஆஸ்பத்திரி பத்து நிமிடம். நான் போய்ச் சேர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. கிளம்புமுன் கடையிலிருந்த ஒப்பந்த நகலைக் கிழிக்க வேண்டியிருந்தது. இதற்குள் மோட்டார் சைக்கிளில் போன இரண்டு பேர் நிறுத்தி, உதவட்டுமா என்று கேட்டிருக்கிறார்கள். "எங்க அண்ணே வந்துக்கிட்டிருக்காரு" என்று ரூபினி அனுப்பிவிட்டாளாம்.

கோகிலன் அன்றைக்கே இறந்துபோனான். விசாரிக்க வந்த போலீசிடம், அண்ணன் கார், சும்மா கொடுத்தார் என்று ரூபினியைச் சொல்லச் சொன்னேன். கிளெய்முக்கு அதுதான் நல்லது என்றேன். பாவி மகள், அப்படியே சொன்னாள்.

நேற்று அவளே கூப்பிட்டாள். "கருமாதிக்குக் கட்டாயம் வரணும்ணே. கூடப்பொறந்தவன்கூட இப்படி நின்னிருக்க மாட்டான்" என்றாள். போனை வைத்துவிட்டு அழுதேன், சார். அந்தப் பெண்ணுக்கு இருபத்தாறு வயதுதான். அவள் திட்டியிருந்தால் நான் இந்த ஸ்டேஷனுக்கு வந்திருக்க மாட்டேன்.

மிச்சத்தையும் எழுதிக்கொள்ளுங்கள். நான் போய் இறங்கியபோது கோகிலனுக்கு மூச்சு இருந்தது. என்னைப் பார்த்துத் தலையைக்கூட அசைத்தான். அவன் தலையை மடியில் வைத்திருந்த ரூபினி, கைப்பையிலிருந்து ஒப்பந்தத் தாளை எடுத்து நீட்டினாள்.

"கிளெய்முக்கு வேணும்லா. ரத்தம் படாம வச்சிருக்கேன்ணே."

வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். காரின் பின்பக்கம் போனேன். கண்ணாடியில் கடைப்பெயர் போட்ட ஸ்டிக்கர் இருந்தது. நகத்தால் சுரண்டினேன், லேசில் வரவில்லை. அது முழுவதும் உரிந்து வந்த பிறகுதான் ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டேன்.