ஏழு பேருக்கும் ஒரே அளவு

திருச்செந்தூர் பேருந்தில் என் முன் இருக்கையிலிருந்த தையல்கடைக்காரர் பக்கத்து இளைஞனிடம் உறுமினார். "நாளைக்குத் தாலிகட்டு. கல்யாண வீட்டுல ஏழு பேருக்கும் ஒரே அளவுல சட்டை போயிருக்கு. கடைக்கு நீ எழுதிக் குடுத்த புரோகிராம் அடிச்ச அளவுச் சீட்டைப் பார்த்துத்தாம்லே வெட்டினோம்!"

"ஜாவாவுல ஹேஷ்டேபிள்னு ஒரு பட்டியல் போட்டிருக்கேன், அண்ணாச்சி. பேருதான் சாவி, அதுக்குள்ள அளவு. அதே பேருல அடுத்த அளவைப் போட்டா பழசு அழிஞ்சிரும்."

"தாத்தா பேரைத்தான எல்லாப் பேரனுக்கும் வைப்பாக? ஏழும் சங்கரலிங்கம்லே! கடைசியா அளந்தது பத்து வயசுப் பய."

"புரோகிராம்ல தப்பே இல்ல, அண்ணாச்சி. பேரு வச்சவுகதான் யோசிக்கல."

"சரிதாம்வே. மாப்பிள்ளையும் சங்கரலிங்கந்தான். சட்டைக்குள்ள கை நுழையாம நிக்கான். ஆழ்வார்திருநகரி கல்யாண வீட்டுக்கு வந்து நீரே சொல்லும்."

இளைஞன் ஆழ்வார்திருநகரிக்குச் சீட்டு எடுத்திருந்தான். பாதி வழியில், செய்துங்கநல்லூரிலேயே இறங்கிவிட்டான்.