கெட்டிக்காரக் காது

பட்டர்வொர்த் போகும் ஃபெரியில் எனக்கு முன்னால் ஒரு கர்ப்பிணி, கணவரோடு.

"பிள்ளைக்கு இன்னும் சத்தமே கேக்காது. ஆனா உள்காது தானாவே சிக்னல் கொடுத்து நரம்பைப் பழக்குதாம் லா."

"கெட்டிக்காரக் காது. உன்ன மாதிரி, நான் பேசுறதுக்கு முன்னாலயே ரெடி."

"சிரிக்காதீங்க. அது கேக்க ஆரம்பிக்கிறதுக்குள்ள என்னை அந்த இரைச்சல் பிடிச்ச பிரஸ் மெஷின்லேர்ந்து மாத்தச் சொல்லி சூப்பர்வைசர்கிட்ட இன்னைக்குக் கேக்கணும்."

நானும் புக்கிட் தெங்காவில் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசராக இருந்தவன். ஒரு பெண் இதையே கேட்டபோது, வயிற்றுக்குள் இருப்பதற்குக் காது ஏது என்று சிரித்து, அதே மெஷினுக்கு அனுப்பிவிட்டேன்.

"மாத்தித் தருவாரா?" என்றார் கணவர்.

"ஏன் தரமாட்டாரு? அவருக்கும் பிள்ளைங்க இருக்கு."

எனக்கும் அப்போது இரண்டு பிள்ளைகள் இருந்தார்கள்.